இடுப்பு உயரம்

ஜூன் 24, திங்கள்

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். பள்ளி நிர்வாகம் சொன்னதால் அந்த ஆலோசகரிடம் போனேன். ஆலோசகர் சொன்னதால் இந்த நோட்டு. வாரம் ஒரு நாள் என்று ஆறு வாரம் போக வேண்டும். கடைசியில் அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தால்தான் மறுபடி வகுப்புக்குள் நுழைய முடியுமாம். இருபத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள், முப்பத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பெண்ணிடம் போய், இவள் பிள்ளைகளோடு இருக்கத் தகுந்தவள் என்று சான்றிதழ் வாங்க வேண்டும்.

பெயர் ஷாகிரா பானு. குமரன் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை. பேசமாட்டார். நான் பேசுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசாமல் இருப்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நடந்ததைச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பெண். பள்ளி விட்டு ஒரு மணி நேரமாகியும் அம்மா வரவில்லை என்று வராந்தாவில் நின்று அழுதாள். அழாதே என்று மூன்று தடவை சொன்னேன். நிறுத்தவில்லை. கன்னத்தில் தட்டினேன். தட்டினேன் என்றுதான் சொன்னேன், அதுதான் உண்மை. உதடு கிழிந்தது அவள் பல் பட்டதால்.

"அவ அழுதப்போ உங்களுக்கு உடம்புல எங்க என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

காதில் என்றேன். அழுகைச் சத்தம் வேறு எங்கே கேட்கும்.

கோபம் வரும்போதெல்லாம் எழுத வேண்டும். கனவு வந்தால் அதையும் எழுத வேண்டும். இந்த நோட்டை யாரும் படிக்க மாட்டார்களாம்.

ஜூன் 26, புதன்

கோபம் வந்தது. மிக்ஸி ஜார் அடியில் கசிகிறது. எழுதிவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

வீட்டில் இருப்பவள் என்றால் எல்லோருக்கும் இளப்பம். தண்டபாணி காலை எட்டு மணிக்கு பனியன் கம்பெனிக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார். கணவர் என்று ஒருவர் இருப்பது சாப்பாட்டு மேஜையில் ஈரத் தட்டு கிடப்பதில்தான் தெரிகிறது. அதுவரை வாசல் மணி எல்லாம் எனக்கு. எதிர் வீட்டுக் கலாமணி மூன்று தடவை வந்துவிட்டாள். டீச்சர் லீவா, டீச்சர் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள்.

இன்று அவள் பேச்சு வேறு. காலனி வாட்ஸப் குழுவில் வந்த குரல் பதிவுகளைப் போட்டுக் காட்டினாள். வடக்கேயிருந்து ஒரு கும்பல் இறங்கியிருக்கிறதாம். பிஸ்கட்டில் மருந்து தடவிக் குழந்தைகளைத் தூக்குகிறார்களாம். அதெல்லாம் வதந்தி, நம்பாதீர்கள் என்று போலீஸ் சொன்னதைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். போலீஸ் எதைத்தான் ஒத்துக்கொண்டது.

காலனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஒடிசாக்காரர்கள் ஓர் அறைக்கு ஆறு பேர் என்று இருக்கிறார்கள். அதில் பிகாஷ் என்று ஒருத்தன். ஒல்லி, எப்போதும் ஒரே நீலச் சட்டை. கலாமணியின் பேத்தி தன்விகாவைப் பார்த்தால் சிரிப்பான். ஒரு நாள் பிஸ்கட் நீட்டியதை என் கண்ணால் பார்த்தேன். ஊரான் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க ஒரு ஆம்பளைக்கு என்ன இருக்கிறது? அவனைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது.

வயிற்றை. உடம்பில் எங்கே என்று கேட்டாரே, எழுதிவைக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

இரண்டாவது அமர்வு. என்னைப் பற்றிப் பேசுவதற்குப் பதில் நாட்டு நடப்பைப் பேசுவோம் என்று பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "செய்தி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. ஆனா சிலது சிலருக்கு மட்டும் ரொம்பச் சுடும். நம்மகிட்ட இருக்கற எதையோ நாம பார்க்க முடியாதப்போ, அது இன்னொருத்தர் முகத்துல போய் உக்காந்துக்கும். அப்புறம் அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது."

நான் பிள்ளை பிடிக்கிறவள் என்கிறீர்களா என்று கேட்டேன். அப்படிச் சொல்லவில்லை, ஏன் இவ்வளவு சுடுகிறது என்றுதான் கேட்கிறேன் என்றார்.

ஏன் சுடுகிறது என்று சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சிந்துஜாவுக்கு நாலு வயது. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனான். நான் பார்த்துக் கத்தினேன். ஜனங்கள் கூடி அவனை அடித்துப் பிள்ளையை மீட்டார்கள். எத்தனை கல்யாண வீட்டில் தண்டபாணி இதைச் சொல்லியிருப்பார். என் கத்தலில் பஸ் ஸ்டாண்டே நின்றுவிட்டது என்பார். நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் அவனை உயிரோடு விட்டிருக்க மாட்டேன் என்பார்.

"பாப்பா உங்க கையை விட்டு எவ்வளவு நேரம் இருந்தா?"

ரெண்டு நிமிடம் என்றேன்.

குறித்துக்கொண்டார். எனக்குப் பிடிக்கவில்லை. ரெண்டு நிமிடத்தை எதற்குக் குறிக்க வேண்டும்?

ஜூலை 4, வியாழன்

சிந்துஜாவுக்கு இன்று பிறந்தநாள். இருபத்திரண்டு முடிகிறது. காலையில் வாழ்த்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

பெங்களூரில் வேலை. ஓயாத வேலை என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். எட்டு மாதமாக அப்பாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். அவர் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார். நான் கேட்க மாட்டேன்.

தீபாவளிக்கு வந்தவள் அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது. வீட்டை விட்டு வெளியே போ என்றேன். போய்விட்டாள். மாவை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

கேள்வியை இங்கே எழுதப் போவதில்லை.

பாயசம் வைத்தேன். தண்டபாணி இரண்டு டம்ளர் குடித்தார்.

ஜூலை 6, சனி

கனவு. எழுதச் சொன்னார், அதனால். நீளமான தார்ச்சாலையில் நான் நடக்கிறேன். பின்னால் யாரோ வருகிறார்கள். செருப்புச் சத்தம் கேட்கிறது. வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வருகிறது. திருடன்தான். என் கையில் பை இருக்கிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் தெரிகிறது.

வதந்திகளைக் கேட்டதன் விளைவு. வேறொன்றுமில்லை.

ஜூலை 8, திங்கள்

கனவை ஷாகிராவிடம் சொன்னது என் தப்பு.

அந்தச் செருப்புச் சத்தம் எப்படிப்பட்டது என்று கேட்டார். எப்படி என்றால்? கனமா, லேசா? யோசித்தேன். லேசு. ரப்பர் செருப்பு. ஓடியோடி வருகிற சத்தம்.

"திரும்பிப் பார்க்கலை, சரி. பின்னால வர்ற ஆள் எவ்வளவு உயரம்னு தெரியுமா?"

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இடுப்பு உயரம்."

அந்த அம்மா இந்த முறை பேனாவை எடுக்கவில்லை. வெற்றி பெற்ற முகம்கூட இல்லை, அது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். உங்கள் படிப்பு எல்லாம் இப்படி ஆளை மடக்கத்தானா என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.

கடிதம் தர வேண்டாம். வேறு ஆலோசகரா கிடையாது இந்த ஊரில்.

ஜூலை 9, செவ்வாய்

மிக்ஸி ஜாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாஷர் போய்விட்டதாம். சரிசெய்பவன் என்னை டீச்சர் என்று கூப்பிட்டான். பழைய மாணவனாம். ஞாபகம் இல்லை. அவன் கையில் ஒரு தழும்பைக் காட்டி, நீங்க போட்டதுங்க டீச்சர் என்று சிரித்தான். அதற்கு ஏன் சிரிக்கிறான் என்று தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று ஒரு குழந்தையைக் காப்பாற்றினேன்.

நாலேகால் மணி. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து அந்த நீலச் சட்டைக்காரன் தன்விகாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறான். பிள்ளை அழுகிறாள். அழுகைச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. போனை எடுத்துக் குழுவில் பேசினேன். "பிள்ளையப் பிடிச்சுட்டுப் போறான், தன்விகாவ, அந்த லைன் வீட்டுக்காரன், ஓடி வாங்க" என்று.

வந்தார்கள். கலாமணியின் மகன், தன்விகாவின் அப்பா, கதிர்வேல் முதலில் வந்தான். பிறகு காலனி சங்கத் தலைவர் சென்னியப்பன், பின்தெருப் பையன்கள். எனக்கு மாடியிலிருந்து எல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டை தெரியவில்லை.

துணியை மடித்து வைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

கலாமணி பால்கோவா கொண்டுவந்தாள். "என்ர பேத்திய நீங்கதானுங் டீச்சர் காப்பாத்துனீங்க" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழுவில் அறுபது பேர் கைகூப்பினார்கள். என்னைப் பள்ளியிலிருந்து அனுப்பியவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

தண்டபாணி இரண்டாவது கதையும் கிடைத்துவிட்டது என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

பால்கோவாவைச் சாப்பிட முடியவில்லை. அதிக இனிப்பு.

ஜூலை 13, சனி

அந்த ஆள் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தாடை உடைந்திருக்கிறது, இடது காதில் ரத்தம் நிற்கவில்லை என்று சென்னியப்பன் சொன்னார். போலீஸ் வந்து போயிருக்கிறது. குழுவில் அந்தக் குரல் பதிவை எல்லோருக்குமாக அழித்துவிடச் சொன்னார். அழித்துவிட்டேன். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது.

மாலையில் தன்விகா எதிர்வீட்டு வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். வேன்காரர் அன்றைக்கு மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டாராம். அம்மா வரவில்லையாம். ரோடு தாண்டப் பயந்து அழுதாளாம். "அந்த அண்ணாதான் டீச்சர் கையப் புடிச்சுத் தாண்டி வுட்டாரு. அப்பா ஏன் அவர அடிச்சாங்க?"

உள்ளே கலாமணி குரல் கேட்டது. பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பிள்ளைகள் பயத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லும்.

ஜூலை 15, திங்கள்

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பதினொரு மணிக்கு அந்த மருந்துக்கடை வாசலில் நின்றேன். கால்கள் வந்துவிட்டன.

நடந்ததைச் சொன்னேன். காப்பாற்றினேன் என்றேன். ஷாகிரா இந்த முறை உடம்பில் எங்கே என்று கேட்கவில்லை. "மாடியிலேர்ந்து நீங்க கண்ணால பார்த்தது மட்டும் சொல்லுங்க. நினைச்சது வேண்டாம்."

ஒரு ஆம்பளை. ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளை கை அவன் கையில். பிள்ளை அழுகிறது. நடந்து வருகிறார்கள்.

"எந்தப் பக்கம் நடந்தாங்க?"

வீட்டுப் பக்கம் என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. தூக்கிக்கொண்டு போகிறவன் பிள்ளையின் வீட்டை நோக்கி ஏன் நடக்கிறான்? கணக்கு டீச்சருக்கு இது தெரியவில்லை.

அந்த அம்மா மேலே ஒன்றும் கேட்காதது எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டியிருக்கலாம். நான் திட்டினேன். பிள்ளை பெற்றிருக்கிறீர்களா, ராத்திரி பகல் தூக்கம் இல்லாமல் ஒன்றை வளர்த்திருக்கிறீர்களா, அப்போது தெரியும் என்று கத்தினேன். ஒரு மகன் இருக்கிறான் என்றார். "சில நாள் அவன் குரலே எனக்கு ஆகாது. அப்படி இருக்கறதுண்டு" என்றார், மழை வரும் என்று சொல்வது போல.

ஒரு தாய் அதை இன்னொருத்தியிடம் வாய்விட்டுச் சொல்வாள் என்று நான் நினைத்ததில்லை.

ஜூலை 17, புதன்

சென்னியப்பனும் கதிர்வேலும் வந்தார்கள். காபி போட்டேன். அந்த ஒடிசாக்காரன் தரப்பில் யாரோ தொழிற்சங்கத்துக்காரர்கள் சேர்ந்து புகார் கொடுத்துவிட்டார்களாம். அடித்தவர்கள் மீது கொலை முயற்சி வழக்கு வரும் போலிருக்கிறதாம். அதனால் இவர்கள் முந்திக்கொண்டு கடத்தல் புகார் கொடுத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

"இழுத்துட்டுப் போனான், நான் பார்த்தேன்னு ஒரு வார்த்தை டீச்சர்" என்றார் சென்னியப்பன். "அது போதும். அவனுக்குப் பேசறதுக்கு இங்க ஆள் இல்லீங்."

கதிர்வேல் என்னைப் பார்க்கவில்லை. வலது கை முட்டிகளில் மருந்து போட்டிருந்தான். நீங்கள் கூப்பிட்டதால்தான் நாங்கள் ஓடி வந்தோம் என்று மெதுவாகச் சொன்னான். நியாயம்தான். நான் மறுத்தால் வதந்தி பரப்பியவள் நான். சொன்னால் குழந்தையைக் காப்பாற்றியவள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன்.

அவர்கள் போன பிறகு காபி டம்ளர்களை இரண்டு தடவை கழுவினேன்.

ஜூலை 19, வெள்ளி

மோட்டார் போட்டுவிட்டு, தண்ணீர் நிரம்பி வழிகிற வரைக்கும் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் போட்டார்கள். சோறும் அடிப்பிடித்தது. இன்று எழுதிவிடுகிறேன். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கோபியில் என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். நேர் பஸ் கிடைக்காததால் திருப்பூரிலிருந்து ஈரோடு வந்து, அங்கே பஸ் மாற வேண்டும். சிந்துஜா காலையிலிருந்து அழுகிறாள். தண்ணீர் கொடுத்தால் துப்புகிறாள். தூக்கினால் இறக்கு, இறக்கினால் தூக்கு. அந்த வாரம் எனக்கு ஊட்டியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் போவாய் என்று தண்டபாணியும் அவர் வீட்டாரும் சொல்லி, வேண்டாம் என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்திருந்தேன். அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். காரணம் என்று ஒன்றும் இல்லை. அழுகை காதுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தேன். இங்கேயே இரு என்றேன். கோபி பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கண்டக்டர் ஒரு டிக்கெட்டா என்றார். ஒன்று என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு அமைதி அது. எழுதத்தான் வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியாக நான் உட்கார்ந்திருந்ததில்லை.

வீரப்பன்சத்திரத்தில் இறங்கினேன். என்ன செய்துவிட்டேன் என்று அங்கேதான் உறைத்தது. ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். நாற்பது நிமிடம் இருக்கும். பெஞ்சில் பிள்ளை இல்லை. ஓடினேன். டீக்கடைப் பக்கம் ஒரு ஆள், நாற்பது வயது, மூட்டை தூக்குகிறவர் போல் இருந்தார். சிந்துஜா கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவள் கையில் முறுக்கு. நான் பிள்ளையைப் பிடுங்கினேன். நாலு பேர் கூடினார்கள். அதில் ஒருவர், "இவன் தூக்கிட்டுப் போனானாம்மா?" என்றார்.

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு நீ எங்கே போனாய் என்பது.

ஆமாம் என்றேன்.

அடித்தார்கள். அந்த ஆள் கத்தவில்லை. அடி விழும்போதும் என்னையே பார்த்தார். அவருக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக நான் எந்த மூட்டை தூக்குகிறவரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சிந்துஜா தீபாவளிக்குக் கேட்ட கேள்வி இதுதான்: "அன்னைக்கு நீ என்னைத் தொலைச்சியா, விட்டியா?"

கிழிக்கவில்லை.

ஜூலை 20, சனி

தண்டபாணியிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும் வரை சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆள நானா இருந்தா உயிரோட வுட்டிருக்க மாட்டேன்னு ஊர் பூராவும் சொன்னனே, பூங்கோதை" என்றார்.

சிந்துஜாவின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்குக் கோபிக்க உரிமை உண்டு. ஆனால் ஊட்டி வேலையை வேண்டாம் என்று எழுதும்போது பேனா எடுத்துக் கொடுத்தவர் அவர். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

சிந்துஜாவுக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. "தீபாவளிக்குக் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். விட்டேன்" என்று எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 22, திங்கள்

ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனேன். பிகாஷ் ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டில். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கூட இருந்த ஜிதேந்திரா பத்து வருடமாக இங்கே இருப்பவன், தமிழ் நன்றாகப் பேசுகிறான். பிகாஷுக்கு ஊரில் ஆறு வயதில் பெண் இருக்கிறாள் என்று சொன்னான். மாடியிலிருந்து குரல் கொடுத்தது நான்தான் என்று சொல்லச் சொன்னேன். அவன் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னான்.

பிகாஷ் ஒரு தாளை வாங்கி ஏதோ எழுதினான். ஜிதேந்திரா படித்தான்.

"நீங்க ஏன் கீழ எறங்கி வந்து கேக்கலைன்னு கேக்கறான்."

மாடிப்படி பதினெட்டு. ஒரு நிமிடம் ஆகாது. மன்னித்துக்கொள் என்றேன். அதை ஜிதேந்திரா சொன்னானோ இல்லையோ தெரியாது. பிகாஷ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் ஒரு பத்து நிமிடம் நின்றேன். போங்கள் என்று ஜிதேந்திரா சொன்னான், மரியாதை இல்லாமல். சரிதான்.

ஸ்டேஷனில் சென்னியப்பனும் கதிர்வேலும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். பெண் சப்-இன்ஸ்பெக்டர், சின்ன வயசு. இழுத்துக்கொண்டு போனானா என்று கேட்டார். சென்னியப்பன் எனக்குப் பதிலாகத் தலையாட்டினார்.

"இல்லைங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான். நான் தப்பாச் சொன்னேன். அந்தக் குரல் என்னுது. அழிச்சதும் நான்தான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, யோசிச்சுச் சொல்லுங்க என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். கதிர்வேல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனான். போகும்போது சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. வாக்குமூலத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன். ஷாகிரா காத்திருந்தார். பேச ஒன்றும் இல்லை. இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். முதல் தடவையாக அது எனக்கு எரிச்சலாக இல்லை. கிளம்பும்போது, கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன், அது உங்களுக்கு வேலையைத் திருப்பித் தராது என்றார். எழுதுங்கள் என்றேன்.

ஜூலை 24, புதன்

குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வாசலில் யாரோ முட்டை வீசியிருக்கிறார்கள். கழுவினேன். காய்ந்த மஞ்சள் கரு சீக்கிரம் போகாது, வெந்நீர் வேண்டும்.

ஜூலை 30, செவ்வாய்

கடத்தல் புகாரை முடித்துவிட்டார்கள். அடித்த நாலு பேர் மீதும் என் மீதும் வழக்கு. எனக்கு ஜாமீன் வாங்கியது தண்டபாணி. ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் வக்கீல் வீட்டு வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. எதிர்பார்த்ததுதான்.

கலாமணி குப்பை கொட்ட வரும்போது என்னைப் பார்த்துத் தரையில் துப்புகிறாள். என் மகனை ஜெயிலுக்கு அனுப்பினாயே என்கிறாள். அனுப்பியது அந்த வாக்குமூலம் இல்லை, அந்தக் குரல் பதிவுதான் என்று அவளிடம் சொல்லலாம். அது இன்னும் மோசம்.

ஆகஸ்டு 2, வெள்ளி

பிகாஷ் ஊருக்குப் போய்விட்டான். இடது காது இனிக் கேட்காதாம். வழக்குக்கு வரச் சொன்னால் வருவானோ மாட்டானோ என்றான் ஜிதேந்திரா. அவன் ஊர் முகவரி கேட்டேன். தர முடியாது என்றான்.

ஆகஸ்டு 4, ஞாயிறு

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. சிந்துஜா. என்னுடைய போனில், என்னை. துவரம்பருப்பைக் களைந்துகொண்டிருந்தேன். ஈரக்கையோடு எடுத்தேன்.

வாழ்த்து, நலம் எதுவும் இல்லை. அப்பா எல்லாவற்றையும் சொன்னாராம். ஸ்டேஷனுக்குப் போனதையும் சொன்னாராம். அதற்காக நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே என்றாள். நினைக்கவில்லை என்றேன். இன்னும் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றாள். இருபத்திரண்டு வயதுக் குரல் இல்லை அது.

"எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு. கனவோன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். பஸ் கெளம்பறப்போ ஜன்னல்லருந்து நீ எனக்கு டாட்டா காட்டினே. சிரிச்சுட்டே. நானும் காட்டினேன். காட்டினியாம்மா?"

திரும்பிப் பார்க்கவில்லை என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் அப்படி எழுதியிருக்கிறேன்.

"காட்டினேன்" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் பெங்களூர்த் தெருவின் வண்டிச் சத்தமும், நடுவே அவள் மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.